டிவி சுவருக்குப் பின்னாடி: மூணாவது ஓட்டையோட கதை

(எபிசோட் பேச்சின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

ஹோம் தியேட்டர் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க. "ப்ரோ, ஆம்ப்ளிஃபையருக்கு எந்த பவர் கேபிள் வாங்கலாம்? தங்க முலாம் பூசின ப்ளக் போட்டா சவுண்ட் நல்லா வருமா?"

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். அந்தக் காசைக் கேபிள்ல போடாதீங்க, சுவருக்குள்ள போடுங்க. சுவர்னா மூணு விஷயம்: தேவையான இடத்துல தேவையான அளவு ப்ளக் பாயின்ட், சரியான தடிமன்ல ஒயர், எல்லாத்துக்கும் மேல ஒழுங்கான எர்த். இந்த மூணும் சரியா இருந்தா, டிவியோட வந்த சாதாரண பவர் கார்டே போதும். இது இல்லாம எவ்ளோ விலை கேபிள் போட்டாலும், ஹம் சத்தமும் வரும், சில நேரம் உயிருக்கே ஆபத்தும் வரும்.

நான் யார் இதைச் சொல்றதுக்குன்னு கேட்டா, இ.இ.இ. படிச்சிட்டு ஐ.டி.ல கோட் எழுதுற கூட்டத்துல நானும் ஒருத்தன். லைசன்ஸ் வாங்கின ஒயர்மேன் கிடையாது. அதனால இதைக் கேட்டுட்டு யாரும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு மெயின் பாக்ஸைத் திறக்காதீங்க. எலக்ட்ரிஷியன்கிட்ட என்ன கேக்கணும், அவர் சொல்ற பதில் சரியான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது, அதுக்குத்தான் இந்த எபிசோட்.

முதல்ல ஒரு கணக்கு

புது ஃப்ளாட் வாங்கினவங்க பில்டர் கொடுத்த எலக்ட்ரிகல் டிராயிங்கை எடுத்துப் பாருங்க. ஹால்ல டிவி பாயின்ட்னு போட்ட இடத்துல பெரும்பாலும் ரெண்டு ப்ளக் இருக்கும், ஒரு கேபிள் டிவி சாக்கெட் இருக்கும். அவ்ளோதான்.

இப்ப உங்க வீட்டுல என்னென்ன வரும்னு எண்ணுங்க. டிவி ஒண்ணு. செட்டாப் பாக்ஸ் ரெண்டு. ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோட அடாப்டர் மூணு. சவுண்ட்பார் அல்லது ஆம்ப் நாலு. சப்வூஃபர் அஞ்சு. கேம் கன்சோல் ஆறு. ஃபைபர் கனெக்‌ஷனுக்கு வர்ற பெட்டி ஏழு, வைஃபை ரவுட்டர் எட்டு. போன் சார்ஜர் கணக்குலயே இல்ல. ரெண்டு ப்ளக்குல எட்டு சாமான் மாட்டணும்னா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதுல இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதுமேல ஒரு மல்டி-ப்ளக். டிவி யூனிட்டுக்குப் பின்னாடி பாம்புப் புத்து மாதிரி ஒயர். தீப்பிடிக்கிற கதை பல வீட்டுல இந்த லூஸ் கனெக்‌ஷன்லதான் ஆரம்பிக்குது.

ஆனா லோடு? அதுதான் ஆச்சரியம். 55 இன்ச் டிவி சுமார் 100-லேர்ந்து 150 வாட். கன்சோல் பெரிய கேம் ஓடும்போது 200 வாட் பக்கம். ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் தலைக்கு 10, 15 வாட். ஆம்ப், சப்வூஃபர் எல்லாம் சேத்து தாராளமா வெச்சாலும் மொத்தம் 900 வாட்டைத் தாண்டுறது கஷ்டம். நம்ம ஊர் சப்ளை 230 வோல்ட். வகுத்தா 4 ஆம்பியர் வரும். ஒரு அயர்ன் பாக்ஸ் எடுக்கிற அளவுதான்!

அதாவது, டிவி சுவர்ல பிரச்சினை கரன்ட்டோட அளவு இல்ல. பாயின்ட்டோட எண்ணிக்கையும் அதோட தரமும்தான்.

ஒன்றரையா, ரெண்டரையா?

எலக்ட்ரிகல் கடைல போய் நின்னா ஒயரை ஸ்கொயர் எம்.எம். கணக்குலதான் கேப்பாங்க. 1, ஒன்றரை, ரெண்டரை, 4. இது செம்புக் கம்பியோட குறுக்குவெட்டுப் பரப்பு. லைட்டு, ஃபேனுக்கு 1 அல்லது ஒன்றரை. பவர் ப்ளக்குக்கு ரெண்டரை. ஏ.சி.க்கு 4. பொதுவா இதுதான் பழக்கம்.

நம்ம டிவி சுவருக்கு எது? 1 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.019 ஓம் ரெசிஸ்டன்ஸ். மெயின் பாக்ஸ்லேர்ந்து டிவி வரைக்கும் சுவருக்குள்ள 15 மீட்டர் ஓடுதுன்னு வெச்சுக்குங்க. போக 15, வர 15, மொத்தம் 30 மீட்டர். 0.57 ஓம் வருது. 4 ஆம்பியர் ஓடினா 2.3 வோல்ட் வழியிலேயே போயிடும். ரெண்டரை ஒயர்ல அதே தூரத்துக்கு 0.9 வோல்ட்தான் போகும்.

இப்ப பவர் கேபிள் கேள்விக்கு வருவோம். ஆம்போட வந்த ஒன்றரை மீட்டர் கார்டு 1 ஸ்கொயர் எம்.எம்.னே வெச்சுக்கலாம். அதுல 4 ஆம்பியருக்கு இழக்கிறது சுமார் 0.23 வோல்ட். ஆயிரக்கணக்குல காசு கொட்டி வாங்குற கேபிள் அந்த இழப்பைச் சுத்தமா இல்லாம ஆக்கினாக்கூட உங்களுக்கு மிச்சம் கால் வோல்ட். காலைல 238 இருக்கிற சப்ளை, சாயங்காலம் தெருவுல எல்லாரும் ஏ.சி. போட்டதும் 215-க்கு இறங்குற ஊர்ல, கால் வோல்ட்டால சவுண்ட் மாறாது.

"அப்ப 2.3 வோல்ட் இழப்பும் பெரிய விஷயம் இல்லையே, எதுக்கு ரெண்டரை?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அது சவுண்டுக்காக இல்ல, பாதுகாப்புக்காக. ஹால்ல ஒரு 16 ஆம்பியர் ப்ளக் இருந்தா, என்னைக்காவது ஒருநாள் யாராவது அதுல ஹீட்டரோ வாக்யூம் க்ளீனரோ மாட்டுவாங்க. ப்ளக்கைப் பாத்துதான் மாட்டுவாங்க, உள்ள ஓடுற ஒயரை யாரும் பாக்க மாட்டாங்க. 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டுட்டு உள்ள 1 ஸ்கொயர் ஒயர் ஓட்டியிருந்தா, எம்.சி.பி. விழுறதுக்கு முன்னாடி ஒயர் சூடாகும். எம்.சி.பி. இருக்கிறது ஒயரைக் காப்பாத்த. அது உங்க டிவியையும் காப்பாத்தாது, உங்களையும் காப்பாத்தாது. இதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

அதனால நான் சொல்றது இதுதான்: மெயின் பாக்ஸ்லேர்ந்து டிவி சுவருக்குன்னு தனி லைன். ரெண்டரை ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வெச்ச ஆம்ப் இருந்தா எம்.சி.பி. ‘சி’ டைப்பா இருக்கட்டும். அந்த மாதிரி ஆம்ப் ஆன் பண்ற நொடியில ஒரு தடவை கரன்ட்டை மடமடன்னு இழுக்கும். ‘பி’ டைப் அதைப் பாத்து பயந்து விழுந்துடும்.

வாங்கும்போது ஒயர்ல ஐ.எஸ். 694, சாக்கெட்ல ஐ.எஸ். 1293, கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கான்னு பாருங்க. முத்திரைகிட்ட ‘சி.எம்./எல்.’னு ஆரம்பிக்கிற லைசன்ஸ் நம்பர் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் ஆப்ல அந்த நம்பரைப் போட்டா உண்மையா போலியான்னு தெரிஞ்சிடும். கடைல நின்னுக்கிட்டே ஒரு நிமிஷத்துல பண்ணலாம்.

எந்த சாக்கெட்?

டிவி சுவருக்கு எனக்குப் பிடிச்சது சாதாரண 6 ஆம்பியர் மூணு பின் சாக்கெட், உள்ள ஷட்டரோட. கூட ஒரே ஒரு 16 ஆம்பியர். மாடுலர் போர்டுல ஒரு சாக்கெட் ரெண்டு மாடுல் இடம் எடுக்கும், சுவிட்ச் ஒரு மாடுல். 12 மாடுல் பாக்ஸ்ல நாலு சாக்கெட், நாலு சுவிட்ச். ரெண்டு பாக்ஸ் போட்டா எட்டு. முன்னாடி எண்ணின கணக்குக்குச் சரியா வருது.

தவிர்க்க வேண்டியது, எல்லா நாட்டு ப்ளக்கும் போகும்னு விக்கிற யுனிவர்சல் சாக்கெட். எல்லாத்துக்கும் இடம் கொடுக்கப் போய், எதையும் இறுக்கிப் பிடிக்காது. லூஸா இருந்தா பொறி பறக்கும், சூடாகும், ஸ்பீக்கர்ல படபடன்னு சத்தம் கேக்கும்.

வெளிநாட்டுலேர்ந்து யாராவது கொண்டு வந்த ஆம்ப், ஸ்பீக்கர் வெச்சிருக்கவங்க இந்த இடத்தைக் கவனமாக் கேளுங்க. ஐரோப்பிய ப்ளக்குல ரெண்டு உருண்டைக் குச்சிதான் இருக்கும். அதோட எர்த் ப்ளக்கோட ஓரத்துல தகடா இருக்கும். நம்ம 6 ஆம்பியர் சாக்கெட்ல ஷட்டரை எதையாவது விட்டுத் தள்ளிட்டு அந்த ரெண்டு குச்சியையும் சொருகிடலாம். ஆம்ப் ஓடும், பாட்டு வரும். ஆனா அந்த ஓரத்துத் தகடு நம்ம சாக்கெட்ல எதையும் தொடாது. எர்த் இல்லாமயே ஓடிட்டு இருக்கும். தீர்வு ரொம்ப சுலபம். பெரும்பாலான ஆம்ப்ல பவர் கார்டு தனியாக் கழட்டுற மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் கடைல நம்ம ஊர் மூணு பின் வெச்ச கார்டு கிடைக்கும், அதை வாங்கி மாட்டுங்க. நீங்க பவர் கேபிளுக்குன்னு செலவு பண்ண வேண்டிய ஒரே இடம் இதுதான். அதுக்கு முன்னாடி ஆம்போட பின்பக்கம் 230 வோல்ட்னு எழுதியிருக்கான்னு பாத்துடுங்க. அமெரிக்கா மாடல் வெறும் 120-ன்னு போட்டிருந்தா, நம்ம ப்ளக்குல மாட்டின உடனே கருகிடும்.

மூணாவது ஓட்டை

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். சாக்கெட்ல மேல பெரிசா ஒரு ஓட்டை இருக்கே, அதுதான் எர்த். அதுக்குள்ள பச்சை ஒயர் வரணும். அந்தப் பச்சை ஒயர் மெயின் பாக்ஸ் வழியா வீட்டுக்கு வெளிய எர்த் குழிக்குப் போகணும். சாக்கெட்ல மூணு ஓட்டை இருக்கிறதால மூணு ஒயரும் வந்திருக்கும்னு நம்பிடாதீங்க.

எங்க அத்தை வீடு மதுரையில. கட்டி ரொம்ப வருஷமான வீடு. ஹால்ல அத்தை பையன் ஒரு பழைய டெஸ்க்டாப்பை வெச்சு, எச்.டி.எம்.ஐ.ல டிவிக்குக் கொடுத்து, சத்தத்துக்கு ஒரு ஸ்டீரியோ ஆம்ப் சேத்திருந்தான். அத்தை ஈரத்துணியால அந்த ஸ்டாண்டைத் துடைக்கும்போதெல்லாம் விரல்ல சுள்ளுனு அடிக்கும். கேட்டா, "அது பழகிடுச்சுப்பா, செருப்பு போட்டுட்டுத்தான் துடைப்பேன்"னாங்க.

ஏன் அடிக்குது? கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குள்ள இரைச்சலை வடிகட்ட ஃபேஸுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு கெப்பாசிட்டர், நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவுல இன்னொண்ணு இருக்கும். எர்த் இருந்தா அதுல கசியிற துளி கரன்ட் மண்ணுக்குப் போயிடும். எர்த் இல்லேன்னா பாடி ரெண்டுக்கும் நடுவுல, அதாவது 115 வோல்ட் பக்கம் மிதக்கும். எச்.டி.எம்.ஐ., ஆடியோ கேபிள் எல்லாத்துலயும் வெளிப்பக்க உலோக உறை ஒரு பாடியை இன்னொரு பாடியோட சேத்துடும். அதனால கம்ப்யூட்டர்ல இருக்கிற கசிவு டிவியிலயும் தெரியும், ஆம்ப்லயும் தெரியும். கரன்ட் ரொம்பக் கம்மிங்கிறதால சுள்ளுனு நின்னுடுது. ஆனா என்னைக்காவது உள்ள ஃபேஸ் ஒயரே பிஞ்சு பாடியில பட்டுச்சுன்னா, அன்னைக்குச் சுள்ளுனு நிக்காது. அந்த தினசரி சுள்ளு, ‘இங்க எர்த் இல்ல’ன்னு வீடு நம்மகிட்ட சொல்ற எர்ரர் மெசேஜ். நாம அதை இக்னோர் பண்ணிட்டு இருக்கோம்.

தெருவுல ஒரு எலக்ட்ரிஷியனைக் கூப்பிட்டாங்க. வந்தாரு, சாக்கெட்டைக் கழட்டினாரு, ரெண்டு இன்ச் ஒயர் துண்டு ஒண்ணை வெட்டி உள்ள என்னமோ பண்ணினாரு, மூடினாரு. அஞ்சே நிமிஷம். "தம்பி, இப்ப தொட்டுப் பாருங்க"ன்னாரு. சுள்ளு சுத்தமாப் போச்சு.

"அண்ணே, நியூட்ரலை எர்த் பின்ல லூப் அடிச்சீங்களா?"

"ஆமா தம்பி, எர்த் லைனே வரல இங்க. பழைய வீட்டுக்கெல்லாம் இப்படித்தான் பண்ணுவோம். ஒண்ணும் ஆகாது."

ஆகும் மக்களே. இந்த எபிசோட்ல நீங்க ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்குங்க. நியூட்ரலை எர்த் பின்ல லூப் அடிச்சா, பாடி நேரா நியூட்ரலோட சேந்துடுது. எல்லாம் சரியா இருக்கிற வரைக்கும் நியூட்ரல் பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கும், அதனால சுள்ளு தெரியாது. மீட்டர் பக்கத்துலயோ போஸ்ட்லயோ நியூட்ரல் ஜாயின்ட் விட்டுப் போச்சுன்னு வைங்க. ஆன்ல இருக்கிற ஏதோ ஒரு சாமான் வழியா ஃபேஸ் வந்து நியூட்ரல் ஒயர்ல ஏறும். அங்கேர்ந்து லூப் வழியா ஆம்போட பாடி, கம்ப்யூட்டரோட பாடி, டிவியோட எச்.டி.எம்.ஐ. வாய், எல்லாத்துலயும் முழு 230 வோல்ட். ஈரத்துணியோட ஒருத்தர் தொட்டா? அந்த லூப் போடுறதுக்கு முன்னாடி இருந்த நிலைமையே இதைவிடப் பரவாயில்ல.

நான் அவர்கிட்ட சண்டை போடல. கோபம் அவர் மேல இல்ல, அவருக்கு யாரும் வேற மாதிரி காசு கொடுத்து வேலை சொன்னதில்ல. "அண்ணே, லூப்பைக் கழட்டிடுங்க. பின்னாடி எர்த் குழி தோண்டி, ஹாலுக்கு பச்சை ஒயர் ஓட்ட எவ்ளோ ஆகும்? கூட ஒரு ஆர்.சி.சி.பி."ன்னு கேட்டேன். அவரே ஆள் கூட்டிட்டு வந்து ரெண்டு நாள்ல முடிச்சாரு. பழைய சுவரைக் குடையாம, தரை ஓரமா கேசிங்ல ஒயரை ஓட்டினாரு. அத்தைக்கு அழகு குறைஞ்சதுல கொஞ்சம் வருத்தம்தான். ஆனா இப்ப வெறுங்காலோட துடைக்கிறாங்க.

ஆர்.சி.சி.பி.

எம்.சி.பி. ஒயரைக் காப்பாத்துதுன்னு சொன்னேன்ல? மனுஷனைக் காப்பாத்துறது ஆர்.சி.சி.பி. ஃபேஸ்ல போற கரன்ட்டும் நியூட்ரல்ல திரும்பி வர்றதும் சமமா இருக்கான்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். வித்தியாசம் வந்தா, அது உங்க உடம்பு வழியாவோ எர்த் வழியாவோ வெளிய போகுதுன்னு அர்த்தம். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவு கசிஞ்சாலே கண் இமைக்கிற நேரத்துக்குள்ள கட் பண்ணிடும். எர்த் ஒயர் வராத பழைய வீட்டுலயும் இது வேலை செய்யும்.

நியூட்ரல் லூப் இதையும் குருடாக்கிடும். பாடிக்கு வர்ற கசிவு லூப் வழியா நியூட்ரல்லயே திரும்பி வந்துடுறதால, கணக்கு சமமாத்தான் இருக்கும். ஆர்.சி.சி.பி. சும்மா உக்காந்திருக்கும்.

இதை வெச்சே ஒரு நல்ல சோதனை இருக்கு. எலக்ட்ரிஷியன் வச்சிருக்கிற டெஸ்ட் லேம்பை அவரே சாக்கெட்ல ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல வெச்சுப் பாக்கட்டும். நீங்க பண்ண வேண்டாம். பல்பு எரிஞ்சா எர்த் ஓகேன்னு பலர் சொல்லிடுவாங்க. ஆர்.சி.சி.பி. இருக்கிற வீட்டுல பல்பு எரியவே கூடாது, ஆர்.சி.சி.பி. டப்புனு விழணும். விழுந்தா எர்த் உண்மையானது. விழாம பல்பு ஜம்முனு எரிஞ்சா, எங்கயோ லூப் இருக்கு, இல்ல ஆர்.சி.சி.பி. செத்துப் போச்சு. ரெண்டுமே உடனே பாக்க வேண்டிய விஷயம்.

ஸ்பீக்கர்ல ‘ம்ம்ம்’

இப்ப ஆடியோ ஆட்களுக்குப் பிடிச்ச டாபிக். பாட்டே போடல, ஆனா ஸ்பீக்கர்ல ‘ம்ம்ம்’னு ஒரு ஹம். பெரும்பாலும் இது எர்த் லூப். ஆம்ப் ஹால் போர்டுல எர்த் ஆகியிருக்கு. கம்ப்யூட்டர் வேற ரூம் போர்டுல எர்த் ஆகியிருக்கு. ரெண்டு எர்த்துக்கும் நடுவுல சின்னதா ஒரு வோல்டேஜ் வித்தியாசம். ஆடியோ கேபிளோட உறை ரெண்டையும் சேக்கும்போது அதுல 50 ஹெர்ட்ஸ் கரன்ட் ஓடும். ஆம்ப் அதையும் பாட்டுன்னு நெனச்சுப் பெருக்கிடும்.

இதுக்கு இன்டர்நெட்லயும் சரி, கடையிலயும் சரி, ஒரு வைத்தியம் சொல்லுவாங்க: எர்த் பின்னை உடைச்சிடு. ஹம் போயிடும், உண்மைதான். கூடவே உங்க பாதுகாப்பும் போயிடும். தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

சரியான வழி வேற. ஒண்ணோட ஒண்ணு கேபிள்ல சேர்ற எல்லா சாமானும் ஒரே போர்டுல, ஒரே லைன்ல மாட்டுங்க. தனி லைன் கேட்டதுக்கு இது இன்னொரு காரணம். அப்பவும் ஹம் இருந்தா, கேபிள் டிவி ஒயரை மட்டும் செட்டாப் பாக்ஸ்லேர்ந்து கழட்டிப் பாருங்க. தெருவுலேர்ந்து வர்ற அந்த ஒயரோட உறை வேற எங்கயோ எர்த் ஆகியிருக்கும். கழட்டினதும் ஹம் நின்னா, அந்த ஒயர்ல போடுற ஐசோலேட்டர் ஒண்ணு வாங்கினா முடிஞ்சது. டிவியிலேர்ந்து சவுண்ட்பாருக்கு ஆப்டிகல் கேபிள் போடுறதும் நல்ல வழி. அதுல போறது வெளிச்சம். வெளிச்சத்துல ஹம் ஏறாது.

த்ரீ ஃபேஸ் வீடா இருந்தா இன்னொண்ணு: டிவி சுவர்ல இருக்கிற அத்தனை சாக்கெட்டும் ஒரே ஃபேஸ்ல இருக்கணும். பக்கத்துப் பக்கத்துச் சாக்கெட்ல வேற வேற ஃபேஸ் வந்தா, அந்த ரெண்டுக்கும் நடுவுல 400 வோல்ட்.

இடியும் நியூட்ரல் கட்டும்

மழைக்காலத்துல டிவி போச்சு, செட்டாப் பாக்ஸ் போச்சுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதுல ரெண்டு வேற வேற விஷயம் இருக்கு.

ஒண்ணு, இடி. மைக்ரோ செகண்ட் கணக்குல வந்து போற அலை. இதுக்கு மெயின் பாக்ஸ்ல எஸ்.பி.டி.னு ஒரு சாமான் போடலாம், வீட்டுக்கு ‘டைப் 2’. அது அந்த அலையை எர்த்துக்குத் தள்ளிவிடும். எர்த் இல்லேன்னா எங்க தள்ளும்? மறுபடியும் மூணாவது ஓட்டைதான். ‘ஸ்பைக் பஸ்டர்’னு விக்கிற பல பெட்டி வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான், ஸ்பெக்ல ஜூல் கணக்கு இருக்கான்னு பாருங்க. மொட்டை மாடி டிஷ்லேர்ந்து வர்ற ஒயர் வழியாவும் அலை வரும். பக்கத்துல இடி இடிக்க ஆரம்பிக்கும்போதே ப்ளக்கையும் அந்த ஒயரையும் கழட்டி வைங்க. இதைவிட நல்ல பாதுகாப்பு எதுவும் இல்ல.

ரெண்டாவது, நியூட்ரல் கட். தெரு லைன்ல நியூட்ரல் அறுந்தா, வேற வேற ஃபேஸ்ல இருக்கிற வீடுங்க எல்லாம் 400 வோல்ட்டைத் தங்களுக்குள்ள பங்கு போட்டுக்கும். லோடு கம்மியா இருக்கிற வீட்டுக்கு அதிக வோல்ட். 300-ஐத் தாண்டலாம், நிமிஷக்கணக்கா நிக்கலாம். எம்.சி.பி. இதைக் கண்டுக்காது, ஆர்.சி.சி.பி.யும் கண்டுக்காது. எஸ்.பி.டி. இவ்ளோ நேரம் தாங்குறதுக்குச் செஞ்சதில்ல. ஓவர் வோல்டேஜ் வந்தா கட் பண்ற ரிலேவை அந்த லைன்ல போடணும், இல்ல ஹை-கட் இருக்கிற டிவி ஸ்டெபிலைசர். இப்ப வர்ற டிவி பலதும் 100-லேர்ந்து 240 வோல்ட் வரைக்கும் தானே சமாளிக்கும். அதனால நமக்கு ஸ்டெபிலைசர் தேவைப்படுறது குறைஞ்ச வோல்டேஜுக்காக இல்ல, இந்த கட்-ஆஃபுக்காகத்தான்.

பூச்சு வேலைக்கு முன்னாடி

வீடு கட்டிட்டு இருக்கீங்களா? சுவர் பூசுறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை சைட்டுக்குப் போங்க. சாக்பீஸ் எடுத்துட்டுப் போங்க. டிவியோட அளவைச் சுவர்ல வரைங்க. 55 இன்ச்னா அகலம் சுமார் 4 அடி, உயரம் ரெண்டேகால் அடி. நடுமையம் தரையிலேர்ந்து மூணரை அடி பக்கம் இருந்தா, சோபால உக்காந்து பாக்கக் கழுத்து வலிக்காது. டிவி பிராக்கெட் நடுவுல வரும், அதனால சாக்கெட்டை அந்த நடுவுல போடாதீங்க. ஓரமா, ஆனா டிவி மறைக்கிற எல்லைக்குள்ள ரெண்டு சாக்கெட். மீதி எல்லாம் கீழ யூனிட்டுக்குப் பின்னாடி.

டிவிக்குப் பின்னாடியிலேர்ந்து யூனிட் வரைக்கும் ஒரு 2 இன்ச் பி.வி.சி. பைப் பதிக்கச் சொல்லுங்க. இது எச்.டி.எம்.ஐ., லேன் கேபிளுக்கு மட்டும். சாதாரண ஒயரிங் பைப்ல எச்.டி.எம்.ஐ. தலை வளைவுல மாட்டிக்கும். உள்ள ஒரு நைலான் கயிறு போட்டு வெச்சா, நாளைக்குப் புது கேபிள் இழுக்க சுலபம். கரன்ட் ஒயர் போற பைப்ல இதைச் சேக்காதீங்க, முடிஞ்ச வரைக்கும் ஒரு அடி தள்ளியே ஓடட்டும். குறுக்க வந்தா நேர் குறுக்கா கடக்கட்டும். சாதாரண எச்.டி.எம்.ஐ. 4கே-வுக்கு 5 மீட்டர் வரைக்கும் நம்பலாம். புரொஜெக்டர் மாதிரி அதுக்கு மேல தூரம்னா ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. எதுவா இருந்தாலும் பைப்ல இழுக்குறதுக்கு முன்னாடி வெளிய வெச்சு டெஸ்ட் பண்ணிடுங்க. நம்ம ஆபீஸ்ல சொல்ற மாதிரிதான், டெஸ்ட் பண்ணாம டெப்ளாய் பண்ணக் கூடாது.

ரவுட்டருக்கும் டிவிக்கும் இன்வெர்ட்டர் லைன் கேட்டா, அந்த லைனுக்கு நியூட்ரலும் தனியா ஓட்டச் சொல்லுங்க. மத்த லைனோட நியூட்ரல்ல கலந்தா ஆர்.சி.சி.பி. காரணமே தெரியாம விழுந்துக்கிட்டே இருக்கும். கடைசில கடுப்பாகி யாராவது அதையே கழட்டி எறிஞ்சிடுவாங்க.

வீட்டுல பெரியவங்க கேப்பாங்க, "ஒரு டிவிக்கு எதுக்குடா இத்தனை பாயின்ட்? ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் காசு." சண்டை வேண்டாம். எட்டு சாமான் லிஸ்ட்டைக் காட்டுங்க. பூச்சு முடிஞ்சப்புறம் சுவரை உடைச்சு, பைப் பதிச்சு, திரும்பப் பூசி, பெயின்ட் அடிக்கிற செலவையும் காட்டுங்க.

வாடகை வீட்டுல இருக்கவங்களுக்கு

சுவரை உடைக்க முடியாது, புரியுது. நானும் வாடகை வீடுதான். மூணு பின் சாக்கெட் டெஸ்டர்னு சின்னதா கிடைக்கும், மூணு லைட் இருக்கும். வீடு பாக்கப் போகும்போதே பைல வெச்சுக்குங்க. தண்ணி வருதான்னு குழாயைத் திறந்து பாக்குறோம்ல, அதே மாதிரி ஹால்லயும் கிச்சன்லயும் ப்ளக்ல மாட்டிப் பாருங்க. எர்த் இல்லேன்னா அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட பேசுங்க. அந்த நேரத்துலதான் உங்க பேச்சுக்கு மதிப்பு. ஆனா இந்த டெஸ்டர் நியூட்ரல் லூப்பைக் கண்டுபிடிக்காது, பச்சை லைட் காட்டிடும். அதனால மெயின் பாக்ஸ்ல ஆர்.சி.சி.பி. இருக்கான்னும் பாருங்க. அதுல ‘டி’ன்னு ஒரு பட்டன் இருக்கும். மாசம் ஒரு தடவை அமுக்கினா விழணும். அந்தப் பட்டன் பெட்டி வேலை செய்யுதான்னு மட்டும்தான் சொல்லும், எர்த் பத்திச் சொல்லாது.

எர்த் சரியாகிற வரைக்கும், ரெண்டு பின் வெச்ச, பின்பக்கம் சதுரத்துக்குள்ள சதுரம் போட்ட சாமானாப் பாத்து வாங்குங்க. அதுக்கு இரட்டை இன்சுலேஷன்னு அர்த்தம், எர்த் தேவைப்படாத மாதிரியே செஞ்சிருப்பாங்க. நிறைய டிவி, சவுண்ட்பார் எல்லாம் இந்த வகைதான்.

சுருக்கமா, எலக்ட்ரிஷியன்கிட்ட கேக்க வேண்டிய அஞ்சு கேள்வி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்குங்க. டிவி சுவருக்குத் தனி லைனா? ரெண்டரை ஒயரா? பச்சை ஒயர் சாக்கெட் வரைக்கும் வருதா, அது எங்க போய் முடியுது? 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கா, டெஸ்ட் லேம்புக்கு விழுதா? எங்கயாவது நியூட்ரல் லூப் இருக்கா?

கடைசிக் கேள்வியைக் கேக்கும்போது அவர் முகத்தைப் பாருங்க. நல்ல எலக்ட்ரிஷியனா இருந்தா சிரிப்பாரு, "பரவால்லையே தம்பி, விவரமாத்தான் கேக்குறீங்க"ன்னுவாரு. அவரோட நம்பரை சேவ் பண்ணி வைங்க.

அடுத்த எபிசோட்ல ஸ்பீக்கரை ரூம்ல எங்க வைக்கிறதுன்னு பேசலாம். அதுவரைக்கும், இன்னைக்கு ராத்திரி டிவி யூனிட்டுக்குப் பின்னாடி ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, அங்க என்ன இருக்குன்னு எனக்கு எழுதி அனுப்புங்க.